அம்பாசடரின் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு நாமே இஞ்செக்ஷன் மாட்டலாமா?

கேள்வி: மன்னார்குடி வாசகர், 2024 அக்டோபர் 6

அப்பா வைத்திருந்த அம்பாசடர் 1800 ஐ.எஸ்.இசட். 1995 மாடல். காலையில் சோக் இழுத்தும் மூன்று தடவை அணைந்துபோகிறது. வெயிலில் அரைமணி நேரம் நிறுத்தினால் திரும்பக் கிளம்ப அடம் பிடிக்கிறது. ஆர்டுயினோ என்ற சின்னக் கணினி போர்டை வைத்து நாமே செய்துகொள்ளும் ஈ.சி.யு. (பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) இருக்கிறதாம், அதை மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான் நண்பன். கார்புரேட்டரைத் தூக்கிப் போட்டுவிடலாமா? மாட்டிப் பார்த்தவர் யாராவது உண்டா?

2024 அக்டோபர் 6, இரவு

மாட்டிக்கொண்டிருக்கிறேன் தம்பி. அதே எஞ்சின், 1994 வண்டி, கும்பகோணம். நான் எடுத்திருப்பது ஸ்பீடுயினோ என்ற ஈ.சி.யு. அதே மாதிரியான மெகாஸ்குவர்ட் அதற்கு முன்பே வந்தது, விலை கூட. ஸ்பீடுயினோவின் மூளை ஆர்டுயினோ மெகா 2560 போர்டுதான். நிரல், சர்க்யூட் வரைபடம் எல்லாம் திறந்தே கிடக்கிறது. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

தாராளமாக மாட்டலாம் என்றுதான் சொல்வேன். நானும் அந்த நம்பிக்கையில்தான் இறங்கினேன்.

2024 அக்டோபர் 7

நேற்று அவசரத்தில் எழுதினேன். "எல்லாம் சரியாகிவிடும்" என்பது தப்பு. ஈ.சி.யு. செய்வது ஒரே வேலை. கிராங்க் புல்லியில் பல் சக்கரம், எஞ்சினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டில் அழுத்த சென்சார், தண்ணீரிலும் காற்றிலும் வெப்ப சென்சார். இவை சொல்வதைக் கேட்டு, இந்த நொடியில் பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டரை எத்தனை மில்லி விநாடி திறக்கலாம், பிளக்கை எத்தனை டிகிரி முன்னால் அடிக்கலாம் என்று கணக்குப் போடும். அவ்வளவுதான். வால்வு சரியில்லை, கேஸ்கட்டில் காற்று கசிகிறது, பேட்டரி எர்த் துருப்பிடித்திருக்கிறது என்றால் அதெல்லாம் அப்படியே இருக்கும். கார்புரேட்டர் காலத்தில் தெரியாமல் கிடந்த கோளாறுகூட இதில் பெரிதாகக் கிளம்பும்.

தம்பி முதலில் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்கட்டும். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கவேண்டும். அது சரியில்லாமல் போர்டு வாங்கவேண்டாம்.

2024 அக்டோபர் 13

இஞ்செக்டர் எந்த அளவு என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கணக்கைக் கையாலேயே போடலாம்.

1817 சி.சி., நான்கு சிலிண்டர். ஒன்றுக்கு 454 சி.சி. காற்று. லிட்டருக்கு 1.2 கிராம் என்று வைத்தால் 0.545 கிராம். பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, ஆக 0.037 கிராம் பெட்ரோல். நிமிடத்துக்கு 200 சி.சி. விடும் இஞ்செக்டர் விநாடிக்கு ஏறக்குறைய 2.47 கிராம் விடும். வகுத்தால் 15 மில்லி விநாடி. 5000 ஆர்.பி.எம்.மில் இரண்டு சுற்றுக்கு 24 மில்லி விநாடி நேரம் கிடைக்கிறது. முழு மிதியில் கலவையை ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) வைத்தாலும் ஏறக்குறைய முக்கால்வாசி நேரம்தான் திறந்திருக்கும். 200 போதும். பெரிதாகப் போட்டால் இழுவை கூடும் என்று நினைக்கவேண்டாம், ஸ்லோவில் (மிதிக்காமல் ஓடும்போது)தான் நடுங்கும்.

பழைய இஞ்செக்டர் என்றால் ஒவ்வொன்றையும் அளந்தே ஆகவேண்டும். நான் சுத்தம் செய்யும் திரவத்தை 3 பார் அழுத்தத்தில் விட்டு, அளவுக் குடுவையில் 30 விநாடி பிடித்தேன். மூன்று இஞ்செக்டர் 98லிருந்து 101 மில்லிக்குள் நின்றன. நான்காவது 88. அதை அப்படியே மாட்டியிருந்தால் ஒரு சிலிண்டர் லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடி, நான் மாதக்கணக்கில் மேப்பை (எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணையை)த் திருத்திக்கொண்டு இருந்திருப்பேன். அல்ட்ராசோனிக் கழுவலுக்குப் பிறகு 99.

2024 அக்டோபர் 27

இந்த வாரம் மனசுக்கு நிறைவான வேலை. கார்புரேட்டர் மேனிஃபோல்டிலேயே இஞ்செக்டர் உட்காரக் குழிகள் வேண்டும். அதற்கு அலுமினியத்தில் நான்கு பாஸ் (துளையுள்ள குட்டை உருளை) கடையவேண்டும். ஓ-ரிங் உட்காரும் துளை 13.5 மி.மீ., உள்ளே கீறல் இருக்கக்கூடாது. கும்பகோணத்தில் இரண்டு லேத் பட்டறையில் "நாலு பீஸுக்கா, அடுத்த மாசம் பாப்போம்" என்றார்கள்.

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு கடையும் அண்ணன் ஒருவரைத் தெரியும். பித்தளையில் தண்டும் தட்டும் கடைகிறவர். மாதிரிக்கு ஒரு இஞ்செக்டரையும் ஓ-ரிங்கையும் கொண்டுபோய்க் காட்டினேன். ஓ-ரிங்கை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது வெளக்குல திருகு உக்கார்ற எடம் மாதிரிதான், வழுவழுன்னு இருக்கணும், வாய்ல லேசா சாய்வு வேணும், இல்லன்னா ரப்பர் வெட்டிடும்" என்றார். நான் அந்தச் சாய்வைச் சொல்லவே இல்லை. அவரே கண்டுபிடித்தார். கடைசி வெட்டுக்கு மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, உளியைத் தலைமுடி அளவுக்கு நகர்த்தினார். துளைக்குள் முகம் தெரிந்தது. ஆறாகக் கடையச் சொன்னேன், வெல்டிங்கில் கெட்டால் கைவசம் இருக்கட்டும் என்று.

வெல்டிங் தஞ்சாவூரில். மேனிஃபோல்டு முப்பது வருஷம் எண்ணெய் குடித்த உலோகம், அடுப்பில் சூடாக்கித் துடைத்து, மறுபடி சூடாக்கித் துடைத்துத்தான் ஆர்கான் வைத்தார்கள். ஒன்றும் கெடவில்லை. இரண்டு பாஸ் மீதி.

2024 நவம்பர் 28

ஃபெஞ்சல் மழை. வயலெல்லாம் தண்ணீருக்குள். ஊரே சம்பாப் பயிரைப் பற்றிக் கவலையில் இருக்கிறது, எனக்கும் இரண்டு மா நிலம் முழுகிக் கிடக்கிறது. வெளியே போக வழியில்லை, சென்சாரை எடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன்.

வெப்ப சென்சாரை ஐஸ் தண்ணீரில் தொங்கவிட்டால் மீட்டரில் 5.9 கிலோ ஓம். கொதிநீரில் 187 ஓம். அம்மா ரசத்துக்கு வைத்த தண்ணீர்தான், "அதுல எதையாவது முக்கித் தொலைச்சிடாதே" என்று வேறு பாத்திரம் கொடுத்தார். பாத்திரத்தின் அடியைத் தொடாமல் நூலில் கட்டித் தொங்கவிடவேண்டும், அடியைத் தொட்டால் வேறு எண் காட்டும். இடையில் ஒரு புள்ளிக்கு, தெர்மாமீட்டர் 40 காட்டும்போது 1.2 கிலோ ஓம். இந்த மூன்றையும் ஈ.சி.யு.வை அமைக்கும் ட்யூனர்ஸ்டுடியோ மென்பொருளில் கொடுத்தால் முழு வளைகோட்டையும் அதுவே போட்டுக்கொள்ளும்.

அழுத்த சென்சாருக்கு இன்னும் சுலபம். எஞ்சின் ஓடாதபோது அது வெளிக்காற்றைத்தான் காட்டவேண்டும். நம் டெல்டா கடல் மட்டத்துக்குச் சற்று மேலே, ஆகவே 100, 101 கிலோ பாஸ்கல். எனக்கு 94 காட்டியது. வேறு சென்சார் மாடலைத் தேர்ந்து வைத்திருந்தேன், மாற்றியதும் 100.6. கவனிக்காமல் விட்டிருந்தால் எல்லாக் கட்டத்திலும் 6 விழுக்காடு பிழை, அதை மேப்பில் ஈடுகட்டிக்கொண்டே இருந்திருப்பேன்.

கொடைக்கானல் போனால் என்ன ஆகும் என்று கேட்டவருக்கு: அங்கே காற்றழுத்தம் 79 பக்கம். கார்புரேட்டர் அங்கே ரிச்சாகிப் புகை விடும். இது தானாகக் குறைத்துக்கொள்ளும்.

2024 டிசம்பர் 15

ஓடியது.

காலை 7 மணிக்கு ஆரம்பித்து, பகல் 1 மணிக்கு. முதலில் இஞ்செக்டர் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஸ்பார்க் மட்டும். டிஸ்ட்ரிபியூட்டர் இப்போது கிடையாது. 1-4 ஒரு காயில், 2-3 ஒரு காயில், இரண்டு பிளக்கும் சேர்ந்தே அடிக்கும். கேம் சென்சார் தேவையில்லை. ஈ.சி.யு.வில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவிட்டு, புல்லியில் வெள்ளைப் பெயின்ட் கோடு போட்டு, டைமிங் லைட்டில் பார்த்தேன். திரையில் 10, புல்லியில் 24. பல்லின் கோணத்தை 14 திருத்தினேன். திரை என்ன சொன்னாலும் புல்லியைப் பார்க்காமல் நம்பக்கூடாது. 14 டிகிரி முன்னால் அடித்துக்கொண்டே ஓட்டியிருந்தால் பிஸ்டன் போயிருக்கும்.

அப்புறம் பெட்ரோல் பம்ப். பழைய மெக்கானிக்கல் பம்ப் தருவது கால் பார்கூட இருக்காது, இதற்கு 3 பார் வேண்டும். மின்சார பம்ப், திரும்பிப் போகும் லைன், அழுத்தத்தைத் தாங்கும் ஹோஸ், நல்ல கிளாம்ப். இந்த நான்கில் காசைச் சேமிக்கவே கூடாது. எஞ்சின் சுற்றாவிட்டால் இரண்டு விநாடியில் பம்ப் ரிலே விழவேண்டும், அதைக் கனெக்டரைப் பிடுங்கிச் சோதித்துப் பார்த்தேன்.

நான்காவது கிராங்கில் பிடித்தது. ஸ்லோ 1400ல் நின்றது, வாடை கண்ணைக் கரித்தது, ஆனாலும் நின்றது. அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து பானட்டில் கைவைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அவர் அதே இடத்தில் கைவைத்துப் பார்ப்பது 1994லிருந்து பழக்கம்.

2025 ஜனவரி 5

3,800 தாண்டினால் வெட்டுகிறது. முழு எஞ்சினும் ஒரு கணம் செத்து மறுபடி வருகிறது. பிளக் வயரிலிருந்து மின் இரைச்சல் சென்சாருக்குப் போகிறது என்று முடிவு செய்து ரெசிஸ்டர் பிளக்கும் புது வயரும் போட்டேன். கொஞ்சம் தேவலை. மற்றவர்களும் முதலில் இதைச் செய்யுங்கள்.

2025 ஜனவரி 12

மேலே ஜனவரி 5இல் எழுதியதைத் தயவுசெய்து அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டாம். காரணம் இரைச்சல் இல்லை.

கிராங்க் சென்சார் காந்தச் சுருள் வகை. பல் கடக்கும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கும். பல்லின் நடுவில் செங்குத்தாகப் பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தைத்தான் ஈ.சி.யு. கணக்கில் எடுக்கவேண்டும். நான் சென்சாரின் இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தேன். அதனால் 36-1 சக்கரத்தில் (36 பல்லில் ஒன்று இல்லாதது) விடுபட்ட பல் இருக்கும் இடம் அதற்குக் குழம்பியது. குறைந்த வேகத்தில் சமாளித்தது, வேகம் கூடியதும் ஒத்திசைவை இழந்தது. ஈ.சி.யு.வின் ஓட்டப் பதிவான லாக் கோப்பில் ஒத்திசைவு இழப்பு எண்ணிக்கை ஏறுவது தெளிவாகவே இருந்தது, நான் அந்தப் பத்தியைப் பார்க்கவே இல்லை.

இரண்டையும் சரியாக இடம் மாற்றிப் போட்டேன். 5,200 வரை சுத்தம். வயரை மாற்றினால் கோணமும் நகரும், டைமிங் லைட்டை மறுபடி பிடிக்கவேண்டும். 1,400 ரூபாய் பிளக் வயர் தேவையில்லாத செலவு.

சென்சார் எர்த் எல்லாம் ஈ.சி.யு.வுக்கே வரவேண்டும், ஈ.சி.யு. எர்த் எஞ்சின் பிளாக்கில் ஒரே இடத்தில். பாடியில் ஆங்காங்கே திருகினால் ஹார்ன் அடிக்கும்போது தண்ணீர் சூடு 8 டிகிரி ஏறியதாகக் காட்டும். எனக்குக் காட்டியது.

2025 பிப்ரவரி 16

எலி.

அறுவடை முடிந்ததும் வயல் எலியெல்லாம் வீட்டுப் பக்கம் வரும், இது நமக்குப் புதுசு இல்லை. ஷெட்டில் நான்கு நாள் நின்ற வண்டியில் இரண்டு இஞ்செக்டர் வயரையும் அழுத்த சென்சாரின் ரப்பர் குழாயையும் கடித்துவிட்டது. குழாயில் ஓட்டை என்றால் மேனிஃபோல்டில் எவ்வளவு வெற்றிடம் இருந்தாலும் சென்சார் நூறு என்று சொல்லும், ஈ.சி.யு. முழு மிதி என்று நினைத்து பெட்ரோலைக் கொட்டும். கொட்டியது. பிளக் நான்கும் கரி.

வயர்களை நெளிகுழாயில் போட்டு, அழுத்தக் குழாயைத் தடித்த சுவருள்ள நைலானாக மாற்றினேன். ஷெட்டில் தஞ்சாவூர் கிட்டி நான்கு. மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டுகிற பழைய கிட்டிதான், வாங்கிய ஒட்டும் அட்டையைவிட அதுதான் வேலை செய்கிறது. ஒரே ராத்திரியில் மூன்று.

2025 மார்ச் 9

வைட்பேண்ட் சென்சார் (சைலன்சர் குழாயில் மாட்டி, கலவை ரிச்சா லீனா என்று அளப்பது) பற்றி. கார்புரேட்டர் வண்டிக்கு இன்று உண்மையான பிரச்சினை பெட்ரோல்தான். இ20இல் எத்தனால் 20 விழுக்காடு. சுத்தப் பெட்ரோலுக்கு 14.7, எத்தனாலுக்கு 9, கலந்தால் 13.5 பக்கம். அதே ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையை) வைத்துக்கொண்டு ஓட்டினால் 8 விழுக்காடு லீன். தம்பியின் வண்டி காலையில் அணைவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதனால் மேப்பில் இலக்கை 13.5 என்று வைத்து ஒரு வாரம் ஓட்டினேன். மைலேஜ் 8க்கு இறங்கியது.

2025 மார்ச் 11

என் தப்பைப் பட்டறை அண்ணன் ஒருவர் பிடித்தார். "மீட்டருக்கு என்ன பெட்ரோல்னு யார் சொன்னா?" என்று ஒரே கேள்வி.

சென்சார் அளப்பது புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை, அதிலிருந்து கிடைப்பது லாம்டா என்ற எண். சரியான கலவை என்றால் எந்த எரிபொருளாக இருந்தாலும் 1தான். மீட்டர் அதை 14.7ஆல் பெருக்கித் திரையில் காட்டுகிறது. இ20 போட்டாலும் சரியான கலவையில் மீட்டர் 14.7தான் காட்டும். நான் 13.5 வைத்தபோது உண்மையில் லாம்டா 0.92, நல்ல ரிச். திரையை லாம்டாவுக்கே மாற்றிவிட்டேன். நிதான ஓட்டத்தில் 1, முழு மிதியில் 0.87. இப்போது 10.5 கிடைக்கிறது. கார்புரேட்டரில் 9 கிடைத்தது.

சைலன்சர் ஜாயின்டில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய் லீன் என்று பொய் சொல்லும், அதையும் பாருங்கள். சென்சாரைக் குழாயின் அடியில் மாட்டக்கூடாது, மேல்பக்கம் சாய்வாக. ஈரம் தேங்கினால் உள்ளே இருக்கும் பீங்கான் வெடிக்கும்.

2025 மே 11

கத்திரி வெயில். நீடாமங்கலம் ரயில்வே கேட். தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டாம், ஒரு சரக்கு ரயில், அதற்குப் பின்னாலேயே ஒரு பாசஞ்சர். எஞ்சினை அணைத்துவிட்டு 25 நிமிஷம். கேட் திறந்ததும் ஸ்டார்ட் செய்தேன், பிடித்தது, பத்து விநாடியில் திணறி அணைந்தது. பின்னால் ஒரு டவுன் பஸ், இரண்டு வைக்கோல் டிராக்டர். மூன்று தடவை. இந்த இழையின் முதல் கேள்வியில் தம்பி சொன்ன அதே கோளாறு, ஏழு மாச வேலைக்கு அப்புறமும்.

பக்கத்தில் நின்ற டிராக்டர்க்காரர் இறங்கி வந்து தள்ளிவிட்டார். அவருக்கு நன்றி.

2025 மே 14

லாக் கோப்பில் பதில் இருந்தது. காற்று வெப்பம் 74 டிகிரி! காற்று சென்சாரை மேனிஃபோல்டிலேயே திருகியிருந்தேன். எஞ்சின் நின்றதும் அந்த அலுமினியச் சூட்டை அது குடித்துக்கொண்டது. காற்று சூடு, அடர்த்தி குறைவு என்று கணக்குப் போட்டு ஈ.சி.யு. பெட்ரோலைக் குறைத்தது. உண்மையில் உள்ளே வந்த காற்று 45கூட இருக்காது. அளவு தப்பு, கணக்கு சரி.

சென்சாரைக் காற்று வடிகட்டிக் குழாய்க்கு மாற்றினேன். சூட்டில் ஸ்டார்ட் ஆனதும் முதல் 20 விநாடிக்கு 12 விழுக்காடு கூடுதல் பெட்ரோல் கொடுத்தேன். நேற்று மத்தியானம் 2 மணிக்கு வேண்டுமென்றே அதே கேட்டில் போய் நின்றேன். 20 நிமிஷம். முதல் தொடுதலில் பிடித்து ஸ்லோ 850ல் நின்றது.

2025 ஜூன் 1

செலவு கேட்டு நிறையப் பேர். எனக்கு 58,000 ரூபாய் ஆனது, என் உழைப்பைச் சேர்க்காமல். எட்டு மாசம் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் இதற்கே.

ஆகவே அக்டோபர் 6இல் "தாராளமாக மாட்டலாம்" என்றதை மாற்றிக்கொள்கிறேன். வண்டி காலையில் கிளம்பவேண்டும், கல்யாணம் காட்சிக்குப் போய்வரவேண்டும், அவ்வளவுதான் தேவை என்றால் கார்புரேட்டர் கிட் மாற்றி, ஜெட்டை ஒரு அளவு கூட்டி, இ20 தாங்கும் ஹோஸ் போட்டு, பேஸ் கேஸ்கட்டில் காற்றுக் கசிவை அடைத்தால் முக்கால்வாசி சரியாகும். ஐந்தாயிரம் ரூபாய்க்குள் முடியும். அதைச் செய்யாமல் இதில் இறங்கவேண்டாம். கழற்றிய கார்புரேட்டரை நானும் தூக்கிப் போடவில்லை. எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. என் வண்டியில் எஞ்சின் எண், சி.சி., எரிபொருள் மூன்றும் அதேதான். புகைச் சோதனையில் இந்தக் காலத்து வண்டிக்கு ஸ்லோவில் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காடு வரை அனுமதி. 0.6 வந்தது. முன்பு கார்புரேட்டரில் 2.4.

2025 ஜூன் 8

அரசலாற்றங்கரைச் சாலையில் வளைவில் திரும்பும்போது எஞ்சின் திணறுகிறது, டேங்க் கால்வாசிக்குக் கீழே இருந்தால் மட்டும். பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை இழுக்கிறது. கார்புரேட்டரில் மிதவைக் கிண்ணம் இதைத் தாங்கிக்கொள்ளும், இஞ்செக்ஷனுக்கு அந்த இருப்பு கிடையாது. ஒரு லிட்டர் சிறு தொட்டி ஒன்று நடுவில் வைக்கவேண்டும். அதுவரை டேங்கைப் பாதிக்குக் கீழே விடுவதில்லை.

2025 ஜூன் 22

மன்னார்குடித் தம்பி எழுதியிருக்கிறார். கிட் மாற்றினாராம். பேஸ் கேஸ்கட்டில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்குக் கிழிசலாம். இப்போது காலையில் ஒரே தடவையில் பிடிக்கிறது, வெயிலிலும் பரவாயில்லை. கம்ப்ரெஷனும் நான்கிலும் நன்றாக இருக்கிறதாம். "ஆனாலும் எனக்கு அதைச் செய்து பார்க்கணும் அண்ணே, அவசரம் இல்லை" என்கிறார்.

அப்படியென்றால் சரி. ஓடுகிற வண்டியில் இறங்குவது வேறு, நின்றுபோன வண்டியில் இறங்குவது வேறு. மீதி இரண்டு பாஸ் என் அலமாரியில்தான் இருக்கிறது. இன்னும் இரண்டுக்கு நாச்சியார்கோவில் அண்ணனிடம் அலுமினியத் தண்டு கொடுத்தாயிற்று, வியாழக்கிழமை தருகிறேன் என்றார். மேட்டூர் திறந்துவிட்டார்கள், எனக்கு அடுத்த வாரம் நாற்றங்கால் வேலை இருக்கிறது. அதற்கடுத்த ஞாயிறு காலை, மேனிஃபோல்டைக் கழற்றித் துடைத்து எடுத்துக்கொண்டு வரட்டும். இஞ்செக்டர் நான்கையும் அளந்துவிட்டு வரவேண்டும்.